ஆண்டியும் தோண்டியும்



சித்தர்கள் உறைந்த மலை என்று மக்கள் போற்றும் கொல்லிமலையின் சாரலில் அமைந்தது எருமப்பட்டி. இம்மண்ணில் நிகழும் பத்தாம் ஆண்டு விழாவில் சித்தர் பாடல் ஒன்றைச் சிந்திப்பது பொருத்தமுடையதே. கடுவெளிச் சித்தர் அருளிய நந்தவனத்து ஆண்டியின் பாடலே அது.

ஆண்டி ஒருவன் குயவனிடம் பத்துத் திங்கள் இரந்து நின்று தோண்டி ஒன்றைப் பெறுகிறான். பெற்ற மகிழ்ச்சியில் ஆடுகிறான். ஆட்டத்தில் அது உடைந்து போகிறது. கதை இவ்வளவே. ஆண்டி உயிர், குயவன் இறைவன், பத்துத் திங்கள் கருவில் இருந்த காலம், தோண்டி உடம்பு என்று பெரியோர் பொருள் உரைப்பர். ஆயினும் பாடல் தன் வாயால் இவற்றுள் ஒன்றையும் கூறவில்லை.

பாவம் செய்யாதே, சாபம் இடாதே என்று நெஞ்சுக்கு அறிவுரை கூறும் பாடல்தொகுதியில் இடம்பெறும் கண்ணி இது. பாடியவர் ஒருவரே, மெட்டும் ஒன்றே. எனினும் அறிவுரைக் கண்ணிகளுட் பல ஏட்டளவில் நின்றுவிட, அறிவுரையே இல்லாத இக்கண்ணி எழுத்தறியாதார் நாவிலும் குடிபுகுந்தது. கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

மெட்டின் வலிமையும் சிறிதன்று. ஆனந்தக் களிப்பு என்னும் இம்மெட்டிலே தாயுமானவர் ஞானம் பாடினார். தாயுமானவரின் அம்மெட்டையே பாரதியார் தம் மணிக்கொடிப் பாடலுக்குக் கொண்டார். துறவுக்கும் நாட்டுப்பற்றுக்கும் ஒருங்கே இடங்கொடுத்த மெட்டு அது.

உடம்பை இகழும் பாடல் இஃது எனச் சிலர் கருதுவர். இகழத்தக்க பொருளுக்காக ஒருவன் பத்துத் திங்கள் இரந்து நிற்பானா? மண்ணைப் பிசைந்து, திகிரியில் வனைந்து, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு எடுத்ததன்றோ தோண்டி! சந்தையில் அதைத் தட்டி ஓசை கேட்டு வாங்கிய தாய்மார்க்கு அதன் அருமை தெரியும். அருமை தெரிந்தமையால் உடைவின் துயரும் தெரியும். ஆண்டியைப் பாடல் வைதுரைக்கவில்லை, கேட்பவர் சிரிக்கிறார், சிரித்து முடிக்குமுன் அந்த ஆண்டி தாமே என உணர்கிறார். சிறுவனுக்கு அது விளையாட்டுப் பாட்டு. முதுமையில் அதுவே ஞானப் பாட்டு.

இன்று மண் தோண்டியின் இடத்தை எவர்சில்வர் குடமும் பிளாஸ்டிக் குடமும் கொண்டுவிட்டன. தோண்டியைக் காணாத தலைமுறைக்கு இப்பாடல் எட்டுமா என்னும் ஐயம் எழலாம். விரும்பிப் பெற்றதை விளையாட்டாய் இழக்கும் மனிதன் இருக்கும்வரை எட்டும். மரபில் எழுதுவோரும் புதுக்கவிதை புனைவோரும் தம் படைப்பைச் சந்தைத் தோண்டிபோல் ஒருமுறை தட்டிப் பார்ப்பாராக. ஓசை தெளிவாயின் உரை வேண்டுவதில்லை; மக்களே அதைச் சுமந்து செல்வர்.

வாழ்க தமிழ்!