துளை போடாத இரும்புச் சுவர்

(தொழிலாளர் படிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



மூடிய இரும்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அளக்கும் கருவியை வைக்க வேண்டும். கருவிக்கு மின்சாரம் வேண்டும். எப்படிக் கொடுப்பது? "துளை போடு, கம்பியை உள்ளே விடு" என்பார்கள். அந்தத் துளையின் யோக்கியதை என்ன என்பது பாய்லர் அருகே நின்று வேலை செய்கிற தோழர்களுக்குத் தெரியும். துளை போட்ட இடத்தில் இரும்பின் பலம் குறைகிறது; அடைப்பு நாளடைவில் தளர்கிறது; கசிவு அங்கேதான் தொடங்குகிறது.

கடலுக்கடியில் இது இன்னும் கொடியது. 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் 'த்ரெஷர்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் அட்லாண்டிக் கடலில் மூழ்கி 129 பேர் மாண்டனர். அவர்களில் 17 பேர் கடற்படையினர் அல்ல. உடன் சென்ற சிவில் ஊழியர்கள். கடல்நீர்க் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருக்கக் கூடும் என்று விசாரணையில் கருதப்பட்டது. அது மின்கம்பித் துளையால் வந்த விபத்தல்ல. ஆனால் கப்பலின் மேலோட்டில் கடலுக்குத் திறக்கும் ஒவ்வொரு வழியும் ஆளை விழுங்கும் வழியாகலாம் என்பதற்கு அது சாட்சி.

அப்படியானால் கம்பியே இல்லாமல் மின்சாரத்தை அனுப்பினால் என்ன? செல்போனைத் தட்டின் மேல் வைத்துச் சார்ஜ் ஏற்றுகிறார்களே! ஆனால் நடுவே கனத்த இரும்புத் தகடு ஒன்றை வைத்தால் அந்த வித்தை பலிக்காது. மின்காந்த அலை இரும்புக்குள் சுழல் மின்னோட்டமாகி, வெப்பமாகக் கரைந்துவிடும்.

மின் அலைக்கு வழிவிடாத இரும்பு, ஒலிக்கு ராஜபாட்டை போடுகிறது! காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. எஃகில் சுமார் 5,900 மீட்டர். ஆகவே மின்சாரத்தை ஒலியாக்கிச் சுவரைக் கடத்தி, மறுபுறம் மீண்டும் மின்சாரமாக்கினால் போதும்.

இதற்கான சாவி 1880லேயே கிடைத்துவிட்டது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று பிரெஞ்சு விஞ்ஞானிகளான ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டனர். மின்சாரம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரியும் என்பதை அடுத்த ஆண்டில் மெய்ப்பித்தனர். கியாஸ் அடுப்பு லைட்டரை 'டக்'கென்று அழுத்தினால் பொறி பறக்கிறதே, அதுவும் இதே தத்துவம்தான்.

பியேர் கியூரியின் மாணவர் பால் லாஞ்சவன். அவர் 1917ல் எஃகுத் தகடுகளுக்கிடையே குவார்ட்ஸ் படிகத்தை வைத்து, காதுக்கு எட்டாத ஒலியைக் கடலுக்குள் செலுத்தினார். நீர்மூழ்கிகளை வேட்டையாடவே அந்த ஆராய்ச்சி நடந்தது. இன்றோ காதுக்கு எட்டாத ஒலி, தாயின் வயிற்றிலுள்ள சிசுவைப் பார்க்க உதவுகிறது. லாஞ்சவனை 1940ல் நாஜிகள் சிறையிலடைத்தார்கள்; அவருடைய மருமகன் ழாக் சாலமனை 1942ல் சுட்டுக் கொன்றார்கள். 1944ல் அவர் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

இப்போது சுவருக்கு வருவோம். வெளிப்புறம் ஒரு பீங்கான் வில்லை. உட்புறம் அதற்கு நேரெதிரே இன்னொன்று. வெளி வில்லைக்கு மின்சாரம் கொடுத்தால் அது விநாடிக்குப் பத்து லட்சம் தடவை கூட அதிர்கிறது. இரும்பும் சேர்ந்து அதிர்கிறது. அந்த அதிர்வு உள் வில்லையை நெருக்க, அங்கே மின்சாரம் பிறக்கிறது. வில்லைக்கும் இரும்புக்கும் நடுவே நூலிழை காற்று இருந்தாலும் காரியம் கெடும். ஏறக்குறைய முழு ஒலியும் திரும்பிவிடும். ஆகவே பசையிட்டு இறுக ஒட்ட வேண்டும். மிகவும் சூடேறினால் பீங்கான் தன் குணத்தை இழந்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. அமெரிக்காவின் ரென்சலீர் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் 63.5 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலக் கனமுள்ள எஃகின் வழியே 50 வாட் மின்சக்தியையும், கூடவே விநாடிக்கு 17.37 மெகாபிட் செய்தியையும் அனுப்பியதை 2013ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 2008ல், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தார் உலோகச் சுவரின் வழியே ஒரு கிலோவாட்டுக்கு மேல் அனுப்பியதை அறிவித்திருந்தார்கள். ஒரு குதிரைச்சக்தி பம்புசெட்டுக்குப் போதுமான சக்தி அது! ஆனால் இதை வைத்து ஆலையை ஓட்டலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அளவுமானிக்கும் அது சொல்லும் செய்திக்கும் வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

தோழர்களே, அந்த அளவே நமக்குப் பெரிது. விஷவாயு நிறைந்த தொட்டியின் நிலையை உள்ளிருக்கும் கருவி வெளியே சொல்லுமானால், அதை அறிய ஒரு மனிதனை உள்ளே இறக்குவானேன்? கருவி விலை அதிகம் என்பார்கள். இறங்குகிறவனின் உயிருக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று நாம் கேட்போம். கேட்பதற்கு முதலில் இப்படி ஒரு வழி உண்டு என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இன்று இதைப் பேசினோம்.