முள் தைத்த காலும் தடுப்பூசியும்

(ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் பணித்தளப் பொறுப்பாளர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இம்முகாமில் வழக்கமாகச் சாலை, குடிநீர், வரி வசூல் ஆகியவற்றைப் பற்றியே பேசப்படும். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு முள்ளின் நுனியளவே உள்ளது. காலில் முள்ளோ ஆணியோ தைத்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்பதே அது. இதற்கு விடை அறியாமையால் ஒரு குடும்பம் பட்ட துன்பத்தை நாம் அருகிலிருந்து கண்டோம். அதில் நமது குறையும் கலந்திருந்தது. ஆதலின் இதனை உங்கள் முன் கூறுவது நமது கடமையாகிறது.

ஏரிக்கு நீர் வரும் கால்வாய் ஒன்றில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேல மரங்களை அகற்றும் பணி நடந்துகொண்டிருந்தது. அன்று நாம் அதனைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ஐம்பது வயதைக் கடந்த தொழிலாளி ஒருவரின் குதிகாலில் முள் ஆழமாகத் தைத்தது. அவர் கரையில் அமர்ந்து அதனைப் பிடுங்கி எறிந்தார். இரத்தம் இரண்டு சொட்டுக்கூட வரவில்லை. "முள் தைக்காத கால் எங்கே இருக்கிறது, ஐயா!" என்று சிரித்தார். சிறிது எருக்கம்பாலை வைத்துக்கொண்டு மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார். நாமும் சிரித்துவிட்டு, அளவு நாடாவுடன் மேலே நடந்தோம். பணித்தளத்தில் முதலுதவிப் பெட்டி இருந்தது. அதில் பஞ்சும் களிம்பும் இருந்தன, சோப்பு இல்லை. பெட்டி சரியாக உள்ளது என்று பதிவேட்டில் கையொப்பமிட்டவர் நாமே.

ஒன்பதாம் நாள் காலையில் கஞ்சி குடிக்க அவரால் வாயைத் திறக்க இயலவில்லை. பல்வலி என்று வீட்டார் எண்ணினர். மாலையில் கழுத்து விறைத்தது. மறுநாள் முதுகு வில்லைப்போல் வளைந்தது. சிறிய ஓசை கேட்டாலும் உடல் முழுவதும் இசிவு கண்டது. அரசு மருத்துவமனையில், ஓசையும் வெளிச்சமும் குறைத்த அறையில் பல வாரங்கள் கிடந்து அவர் உயிர் பிழைத்தார். பிழைத்தது நற்பேறே, இந்நோய் கண்டு மீளாதோர் பலர். ஆயினும் அவ்வாண்டு அவரது நிலம் தரிசாகக் கிடந்தது. கறவை மாடும் விலையாயிற்று.

அதே வாரத்தில் நமது அலுவலக ஊழியர் ஒருவர் அலமாரிக் கதவில் விரலைச் சிராய்த்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அவ்வாண்டில் அது அவருக்கு மூன்றாவது ஊசி! தேவைப்பட்டவருக்கு ஒன்றும் கிட்டவில்லை. தேவையில்லாதவருக்கு மூன்று கிட்டின. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. முன்பு எத்தனை ஊசி போட்டோம், எப்பொழுது போட்டோம் என்ற கணக்கு இருவரிடமும் இல்லை.

இந்நோயை இரண ஜன்னி என்கிறோம். துருப்பிடித்த இரும்பினால் இது வருகிறது என்று பலரும் நம்புகின்றனர். அது தவறு. இதற்குக் காரணமான கிருமி மண்ணிலும், கால்நடைகளின் சாணத்திலும் விதைபோல உறங்கிக் கிடக்கிறது. 1884ஆம் ஆண்டில் நிக்கோலையர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் மண்ணை விலங்குகளின் உடலில் செலுத்தி இந்நோய் உண்டாவதைக் காட்டினார். 1889ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கிடசாட்டோ இக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். இரும்பு ஆணியால் ஆபத்து உண்டாவது துருவினால் அன்று. அதில் ஒட்டியுள்ள மண்ணினால்தான். ஆகவே பளபளப்பான புது ஆணியும், பச்சை முள்ளும், மூங்கில் சிம்பும் இந்நோயைத் தரக்கூடும்.

இக்கிருமி காற்றுப் படாத இடத்தில்தான் முளைத்துப் பெருகும். அகன்ற வெட்டுக்காயத்தில் இரத்தம் பெருகி மண்ணை ஓரளவு வெளியேற்றும், காற்றும் உட்புகும். முள் தைத்த துளையோ உடனே வாய் மூடிக்கொள்கிறது. உள்ளே சென்ற மண் உள்ளேயே தங்குகிறது. அங்கு கிருமி உண்டாக்கும் நஞ்சு நரம்புகளின் வழியே ஏறித் தசைகளை இறுக்குகிறது. முதலில் தாடை பூட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் மூன்று நாட்களிலிருந்து மூன்று வாரங்களுக்குள் நோய் தோன்றுகிறது. ஆகவே அதிகம் இரத்தம் வராத சிறு துளையை அற்பம் என்று எண்ணலாகாது.

அப்படியாயின் முள் தைத்தவர் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா? மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் இது தெளிவாகும். முன்பு குறைந்தது மூன்று தவணை தடுப்பூசி பெற்றவரா? கடைசி ஊசி போட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின? காயம் சுத்தமானதா, அல்லது ஆழமானதும் மண்பட்டதுமா?

மூன்று தவணை பெற்றவருக்குச் சுத்தமான சிறு காயம் பட்டால், கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் மட்டுமே மறு ஊசி தேவை. ஆழமாகத் தைத்த முள், மண், சாணம் பட்ட காயம் ஆகியவற்றிற்கு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தாலே ஊசி தேவை. ஆறு மாதத்திற்கு ஒரு முறை போட வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அடிக்கடி போட்டுக்கொள்வதால் கை வீங்கி வலிப்பதே மிச்சம்.

மூன்று தவணையும் பெறாதவர், அல்லது பெற்றோமா என்றே அறியாதவர் நிலை வேறு. அவருக்கு ஊசி போட்டாலும் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகச் சில வாரங்கள் செல்லும். நோயோ அதற்குள் வந்துவிடக்கூடும். ஆகையால் அழுக்குக் காயம் பட்டால் தடுப்பூசியோடு, நஞ்சை உடனே முறிக்கும் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் மருத்துவர் தனியே செலுத்துவர். பின்னர் ஒரு மாதம் கழித்து இரண்டாம் தவணையும், அதன்பின் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டிற்குள் மூன்றாம் தவணையும் பெறுதல் வேண்டும். முதல் ஊசியோடு நின்றுவிடுவது, வேலி கட்டத் தொடங்கி ஒரு பக்கத்தோடு நிறுத்துவது போன்றதாகும்.

அன்றே செல்வது நன்று. இரண்டு நாள் கடந்துவிட்டதே என்று வாளாவிருந்துவிடலாகாது. தாமதமாயினும் செல்ல வேண்டும். காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு நன்கு கழுவுக. சாணம், சாம்பல், சுண்ணாம்பு, காய்ச்சிய எண்ணெய், எருக்கம்பால் ஆகிய எதையும் வைக்க வேண்டா. முள் ஒடிந்து உள்ளே தங்கியிருந்தால், வீட்டு ஊசியால் கிளறாமல் மருத்துவரிடம் காட்டுக.

இனி, நமது ஊர்களில் பாதுகாப்பற்றவர் யார் என்பதை எண்ணிப் பார்ப்போம். இந்தியாவில் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் குழந்தைப் பருவத்தில் ஒரு தவணையும் பெறாதவர்கள். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஊசி போடப்படுகிறது. அதன் பயனாக, தாய்மாருக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் வரும் இரண ஜன்னி, 2015ஆம் ஆண்டில் நாட்டில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. இது பெரும் வெற்றி. ஆனால் மண்வெட்டி பிடிக்கும் முதிய ஆண்களை யார் கேட்கிறார்கள்? நாம் கண்ட தொழிலாளியின் மனைவி மூன்று பிரசவங்களில் ஊசி பெற்றவர். மக்கள் மூவரும் பெற்றவர்கள். அவ்வீட்டில் ஊசி பெறாதவர் அவர் ஒருவரே.

மற்றொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். அம்மை போன்ற நோய்களில் ஊரார் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றால், பெறாத ஒருவரையும் அது காக்கும். இரண ஜன்னி மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதன்று, மண்ணிலிருந்து வருவது. ஊர் முழுவதும் போட்டுக்கொண்டாலும் போடாதவருக்குப் பாதுகாப்பு இல்லை. ஒரு முறை நோய் வந்து பிழைத்தவருக்கும் அதனால் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. ஆகவே அத்தொழிலாளியும் குணமானபின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவரானார்.

இவ்வூசி இன்று தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பு மருந்துடன் சேர்த்தே அளிக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு ஆறு, பத்து, பதினான்கு வாரங்களிலும், ஒன்றரை வயதையொட்டியும், ஐந்து வயதிலும், பின்னர் பத்து, பதினாறு வயதுகளிலும் போடப்படும் தவணைகளில் ஒன்றும் விடுபடலாகாது.

உங்களிடம் நாம் வேண்டுவன இவை. ஒவ்வொரு பணித்தளத்திலும் ஒரு குடம் தூய நீரும் ஒரு சோப்பும் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். ஊராட்சியில் ஒரு குறிப்பேடு வைத்து, வேலைக்கு வருவோர் கடைசியாக ஊசி போட்ட ஆண்டைக் கிராம சுகாதாரச் செவிலியரின் துணையுடன் எழுதி வைக்க வேண்டும். மகளிர் குழுச் சகோதரிகள் தம் வீட்டு ஆடவரிடம், "நீங்கள் எப்பொழுது போட்டுக்கொண்டீர்கள்?" என்று இன்று இரவே கேட்க வேண்டும்.

அத்தொழிலாளி இப்பொழுது மீண்டும் வேலைக்கு வருகிறார். அவர் சட்டைப் பையில் மூன்று தேதிகள் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டுவார். நோய்ப்படுக்கைக்குச் செல்லாமலே அத்தகைய அட்டை நம் ஊரார் ஒவ்வொருவரிடமும் இருக்குமாறு செய்வோமாக!