தோட்டமும் பட்டாவும்



நகர்ப்புற வேளாண்மை, பசுமையாக்கம் என்ற சொற்கள் இன்று எல்லா மேடைகளிலும் ஒலிக்கின்றன. ஏழைகள் கூடித் தோட்டம் போட்டால் வறுமை தீரும் என்கிறார்கள். தோட்டம் நல்லதுதான். அது யாருடைய நிலத்தில், யாருடைய தண்ணீரில் என்று கேட்பது நம் வேலை.

இந்தக் கேள்விக்கு லோயர் கேம்ப் பொருத்தமான இடம். 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் கடந்து இங்கேதான் இறங்குகிறது. மின்நிலையத்தை ஓட்டிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. அணை கட்டிய பென்னிகுயிக்குக்கு 2013இல் இங்கு மணிமண்டபம் திறந்தார்கள். அணை வேலையில் காய்ச்சல் கண்டு மடிந்த கூலிகளின் பெயர்களை நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? அந்த நீர் பாயும் வயலில் நாற்று நட்டதும் களை எடுத்ததும் நம் பெண்கள். தண்ணீர் நிலத்தைத் தேடிப் போகிறது. விளைச்சல் பட்டாவைத் தேடிப் போகிறது.

நம் நிலமின்மை தலையெழுத்தல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை அடுத்து, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் முன்வைக்கும் கணக்கு. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதை மீறித்தான் நிலம் கைமாறியது. மீட்கக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில், நிலத்தை அரசுடைமையாக்கிச் சாதி வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளாக நடத்தச் சொன்னார். குத்தகைச் சட்டங்களால் நிலமற்ற தீண்டப்படாதோருக்குப் பயனில்லை என்பதை அப்போதே கண்டவர் அவர்.

குமுளி மலை ஏறினால் கேரளம். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயில், நான்கு முதல் பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறார்கள். வங்கிக் கடனும் கிடைக்கிறது. கூலிக்காரி விவசாயி ஆவது சிறிய மாற்றமல்ல. ஆனாலும் அங்கே நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரருக்கு வயலைத் தந்தது. நிலமற்ற தலித் கூலிகளுக்குப் பெரும்பாலும் பத்து சென்ட் குடியிருப்பு மனையே கிடைத்தது. ஆகவே கூட்டுப் பயிருக்கு இன்றும் குத்தகை தேவைப்படுகிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் பேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண், வாக்காளராகப் பதியப் போனதற்காக 1962இல் பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார். வயிறு பண்ணையாரிடம் இருக்கும்வரை வாக்கு நம் கையில் நிற்காது என்று உணர்ந்து, 1969இல் 40 ஏக்கரில் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். காய்கறி விளைந்தது, குடும்பங்களுக்குப் பன்றிக்குட்டிகள் கொடுக்கப்பட்டன. சில ஆண்டுகளில் பணமில்லாமல் பண்ணை நின்றுபோனது. உழைப்பும் ஒற்றுமையும் இருந்தும் முதல் இல்லாவிட்டால் தாங்காது என்பது அதன் பாடம்.

லோயர் கேம்ப் கூடலூர் நகராட்சிக்குள் இருக்கிறது. நகராட்சிகளின் உர மையங்களில் குப்பையைப் பிரித்து எருவாக்குவோரில் நம்மவர்களே மிகுதி. அந்த எருவும், காலியாகக் கிடக்கும் பொது நிலமும், குழாய்த் தண்ணீரும் நம் பெண்கள் குழுக்களுக்கு நீண்டகால உரிமையோடு வர வேண்டும். மரம் நட நாள்கூலி கொடுத்துவிட்டு, மரம் வளர்ந்ததும் நம்மை ஆக்கிரமிப்பாளர் என்று அப்புறப்படுத்தும் பசுமை நமக்கு வேண்டாம்.

முருங்கையும் கீரையும் நம் பிள்ளைகளின் இரத்தசோகையைக் குறைக்கும், சந்தைச் செலவை மிச்சப்படுத்தும். அதற்காகவே தோட்டம் போடுவோம். வறுமையைத் தாண்ட நிலம் வேண்டும். மாணவர்களே, தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. உங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேட்டைக் கேளுங்கள். பஞ்சமி நிலம் எது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். விதை போடுவதும் மனு போடுவதும் ஒரே வாரத்தில் நடக்கட்டும்.

ஜெய்பீம்.