மாதச் சந்தாவுக்கு எத்தனை பேர் போகிறது?

(தோட்டத் தலைவர்கள், மாதர் அணியினர் கூட்டத்தில் 2025இல் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சம்பளப் போராட்டம் பற்றிப் பேசப்போவதில்லை. கையில் வந்த சம்பளம் போகும் வழியைப் பற்றிப் பேசப்போகிறோம். நம் சம்பளம் போதாமல் இருப்பதற்கு டிஷ் டிவியும் போனும் காரணம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிற துரைமார் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல நமக்குத் தெரியும். 1000 ரூபாச் சம்பளம் வேண்டும் என்று வருடக்கணக்கில் கத்தினோம். 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய காசு நமக்குத் தெரியாமலே கசிந்தால் அதுவும் சங்கம் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

போன சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் சம்பளச் சிட்டையையும் போனையும் பார்த்துக் கணக்கு எழுதினோம். எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். "மாதாமாதம் எதற்கெல்லாம் கட்டுகிறீர்கள்?" என்று கேட்டால் இரண்டு மூன்று சொல்வார்கள். எழுதிப் பார்த்தால் எட்டு ஒன்பது வரும். டிஷ், போன் டேட்டா, டியூஷன், ஸ்கூல் வேன், மரண உதவிச் சங்கம், கோயில் காசு, காப்புறுதி, சங்கச் சந்தா. ஒன்று 10ஆம் திகதி சம்பளத்தில் பிடிபடுகிறது. ஒன்று கடையில் ரீலோட் போடும்போது போகிறது. ஒன்று வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிறார்கள். வேறு வேறு நாளில், வேறு வேறு கையால் போவதால் மொத்தம் கண்ணில் படுவதில்லை.

எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் அளந்து பார்ப்போம். ரூபா வேண்டாம். நமக்குப் பழகிய அளவு "பேர்". காலையில் பெரட்டுக்குப் போய், மலை ஏறி, மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்து, கிலோவும் சரியாக வந்தால்தான் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். அதனால் ஒவ்வொரு சந்தாவுக்கும் வருடத்துக்கு எத்தனை பேர் போகிறது என்று கேட்போம்.

ஒரு பேருக்கு 1350 ரூபா. அதில் ஈ.பி.எப். 8 வீதம், 108 ரூபா பிடிபடும். மிச்சம் 1242. ஈ.பி.எப். செலவல்ல. நம்முடைய 108உடன் தோட்ட நிர்வாகம் 12 வீதம், 162 ரூபா போட வேண்டும். ஈ.டி.எப்.புக்கு இன்னும் 3 வீதம். அது திரும்பி வரும் காசு. ஆகவே இனி 1242ஆல் வகுப்போம். நாங்கள் சொல்லப்போகும் விலைகள் உதாரணத்துக்கு. உங்கள் வீட்டு விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

முதலில் போன் டேட்டா. ஏழு நாள் பெக்கேஜ் 200 ரூபா என்று வைப்போம். கையில் 200தான் இருக்கிறது, அதனால் அதைப் போடுகிறோம். வருடத்துக்கு 52 தடவை, 10,400 ரூபா. அதே அளவு டேட்டாவுக்கு 30 நாள் பெக்கேஜ் 700 ரூபா என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 8,500. வித்தியாசம் ஒன்றரைப் பேர். ஏழைக்குத்தான் எதையும் சில்லறையாக வாங்கும்போது விலை கூடுகிறது. "ஒரு மாதம்" என்று சொல்லி 28 நாளுக்கு விற்கும் பெக்கேஜையும் கவனியுங்கள். அதை வருடத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை போட வேண்டி வரும்.

டேட்டாவையே வெட்டுங்கள் என்று சொல்ல மாட்டோம். 2020இல் பாடசாலை மூடியபோது சிக்னல் தேடி நம் பிள்ளைகள் மேட்டில் ஏறி நின்றதை நாம் பார்த்தோம். இன்றைக்கும் பாடக்குறிப்பு வட்ஸ்அப்பில் வருகிறது. அது தேவை. தேவையானதைக் குறைந்த விலைக்கு வாங்கத்தான் கணக்கு.

இரண்டாவது, நாம் கேட்காமலே ஓடும் சந்தா. எங்கள் டிவிஷன் அக்கா ஒருவர் "100 ரூபா போட்டேன், பேசவே இல்லை, காசு குறைகிறது" என்று வந்தார். பார்த்தால் ரிங்கிங் டோன் ஒன்று, ஜோதிட எஸ்.எம்.எஸ். ஒன்று. எப்போதோ பிள்ளை பட்டனை அமுக்கியிருக்கிறது. தகவல் ஆங்கிலத்தில் வந்ததால் யாரும் வாசிக்கவில்லை. ஒரு நாளைக்கு 3 ரூபா ஒன்றும் இல்லை என்று தோன்றும். வருடத்துக்கு 1,095. வீட்டில் மூன்று போன் இருந்தால் 3,285. இரண்டரைப் பேருக்கு மேல். கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, தமிழில் பேசக் கேட்டு, "என் இலக்கத்தில் என்னென்ன சேவை ஓடுகிறது? எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். நிறுத்தாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். கடிதம் எழுத நாங்கள் இருக்கிறோம்.

மூன்றாவது டிஷ். மாதம் 1,500 ரூபா பெக்கேஜ் என்றால் வருடத்துக்கு 18,000. பதினான்கரைப் பேர். வீட்டில் உண்மையில் பார்ப்பது நான்கைந்து செனல். அவை 900 ரூபா பெக்கேஜில் இருந்தால் வருடத்துக்கு 7,200 மிச்சம். ஏறக்குறைய ஆறு பேர்.

மூன்றையும் கூட்டுங்கள். பத்துப் பேர். எதையும் இழக்காமல் பத்து நாள் உழைப்பு மிச்சம். அது ஜனவரியில் பிள்ளைக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்கும் காசு.

மரண உதவிச் சங்கக் காசை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சாவு வீட்டில் யாரிடமும் கை நீட்டாமல் இருக்க நம் பெரியவர்கள் உண்டாக்கியது அது.

இனிச் சங்கச் சந்தா. "டீச்சர், அதையும் கணக்கில் போடலாமா?" என்று ஒரு தங்கச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார். கட்டாயம் போட வேண்டும். மற்றவற்றை அளந்த கோலால் நம்மையும் அளக்காவிட்டால் நாம் பேசுவதில் நியாயம் இல்லை. நீங்கள் படிவத்தில் கையெழுத்து வைத்ததால்தான் அது சம்பளத்தில் பிடிபடுகிறது. சங்கம் மாறிய சிலருக்குப் பழைய சங்கத்துக்கும் புதிய சங்கத்துக்கும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. சிட்டையைப் பாருங்கள். இரண்டு பிடித்திருந்தால் எழுத்தில் கொடுத்து ஒன்றை நிறுத்துங்கள், அது எங்கள் சங்கமாக இருந்தாலும் சரி. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி பதிவுசெய்த சங்கம் வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும். புத்தகத்தைப் பார்க்க அங்கத்தவருக்கு உரிமை உண்டு. கேளுங்கள். பிடித்த பேரை வெட்டியபோது யார் ஒபிசுக்குப் போனார்கள், ஈ.பி.எப். கட்டாதபோது யார் தொழில் திணைக்களத்துக்குப் போனார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் சந்தா நிற்கட்டும். பதில் இல்லாவிட்டால் அந்தக் குறை எங்களுடையது.

கடைசியாக ஒரு வேலை. கொப்பியில் ஒரு பக்கம் எடுத்து நான்கு கோடு போடுங்கள்: எதற்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, வருடத்துக்கு எவ்வளவு, எத்தனை பேர். புருஷனும் பெஞ்சாதியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். கொழுந்து பறிப்பவர் அம்மா, ரீலோட் போடுபவர் வேறொருவர் என்றால் அந்தக் கணக்கு அம்மாவுக்கும் தெரிய வேண்டும். கூட்ட, பெருக்கப் பிள்ளைகள் உதவுவார்கள். அவர்களுக்கு அதைவிட நல்ல கணக்குப் பாடம் இல்லை.

வரும் சம்பளத்துக்குப் பிறகு முதல் ஞாயிறு, காலை 9 மணிக்கு, சிட்டையையும் போனையும் எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்கு வாருங்கள். ஒரு பேரும் வீணாகாமல் பார்ப்போம்.