சேர்ந்த பின் கட்டணம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சரக்கு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக ரசீது எழுதி வருபவர் நாம். அங்கே 'டு-பே' என்றொரு முறை உண்டு. சரக்கு சேருமிடம் சேர்ந்த பின்னரே கட்டணம் பெறப்படும். வைத்தியத்திலும் இம்முறை புகுந்துள்ளது. ஊசிக்கும் மாத்திரைக்கும் அன்று, நோய் தீர்ந்ததற்கே பணம் என்பது அதன் கொள்கை.

அரசின் காசநோய்த் திட்டத்தில் இதன் சாயலைக் காணலாம். நோயாளியை மருந்துண்ணச் செய்யும் துணைவருக்குச் சிகிச்சை முடிந்த பின் 1,000 ரூபாய். தனியார் மருத்துவருக்கு, நோயாளியைப் பதிந்தால் 500. முடிவைத் தெரிவித்தால் மேலும் 500.

சரக்கு சேர்ந்ததா என்று அறிவது எங்ஙனம்? சென்னையில் 1956-இல் தோன்றிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்து மருந்துண்டாலும் சானடோரியத்திற்கு நிகராகக் குணமாகும் என்று 1959-இல் உலகிற்குக் காட்டிற்று. நன்றுதான், ஆயின் வீட்டில் மாத்திரை விழுங்குவதைக் காண்பவர் யார்?

இதற்கென '99 டாட்ஸ்' என்னும் எளிய உறை வந்தது. மாத்திரையை அழுத்தி எடுத்ததும், மறைந்திருந்த தொலைபேசி எண் வெளிப்படும். அவ்வெண்ணுக்குக் காசின்றி ஓர் அழைப்பு விடுத்தால் அன்றைய மருந்து கணக்கில் ஏறும்.

2019-இல் எம் தம்பி ஆறு மாதமும் நாள் தவறாமல் அழைத்தான். மாத்திரைகளோ, மூன்றாம் மாதம் முதல் சன்னலுக்கு வெளியே போயின. குமட்டல் தாளவில்லை, சொன்னால் அண்ணி வருந்துவாள் என்று மறைத்துவிட்டான். இறுதியில் சளியைச் சோதிக்காமலே 'சிகிச்சை முடிந்தது' என்று எழுதினர். ஆயிரம் ரூபாயும் ஒருவர் கைக்குப் போயிற்று. இருமல் திரும்பிய பிறகே உண்மை வெளிவந்தது.

அவனை மட்டும் குறை கூறுவதற்கில்லை. சென்னை, வேலூர், மும்பை நகரங்களில் முன்னறிவிப்பின்றி வீடு சென்று சிறுநீரைச் சோதித்து, 2020-இல் வெளியான ஆய்வும் அவ்வழைப்புகளை முழுதும் நம்ப இயலாது என்றே கூறிற்று.

உறையை வடித்தவர் மீது நமக்குக் கோபமில்லை. அழைப்பை எண்ணவே அது அமைந்தது; அதனைக் குணத்தின் கணக்காகக் கொண்டதே பிழை. மூட்டையின் முத்திரையைப் பார்த்து உள்ளிருக்கும் சரக்கிற்குக் கையெழுத்திடலாமா? முடிவுக்குப் பணம் என்றால், கருவியும் சளிச் சோதனையையும் உடல் எடையையும் கேட்கவேண்டும். 'குமட்டுகிறதா?' என்ற ஒரு கேள்வி அந்தத் தொலைபேசியில் இருந்திருந்தால்!

இன்னோர் அச்சமும் உண்டு. குணமானால்தான் பணம் என்றால், குடிப்பழக்கமுள்ளவரையும், பிழைப்புக்காக ஊர் ஊராகத் திரிபவரையும் ஏற்க வைத்தியர் தயங்குவார். அத்தகையோருக்குத் தொகையை உயர்த்தியே வைக்கவேண்டும். உடைமையாளர் பொறுப்பில் அனுப்ப ஒரு கட்டணம், ரயில்வே பொறுப்பில் அனுப்ப அதனினும் கூடுதல் என்று எமது விதிகளிலேயே உண்டே.

தம்பி மறுமுறை மருந்துண்டபோது, எம் மனைவியார் நாள்தோறும் எதிரில் அமர்ந்தார். முதற்கேள்வி வயிற்றைப் பற்றியது, பிறகே மாத்திரை. இறுதிச் சோதனையில் சளியில் கிருமி இல்லை. அவன் இப்பந்தலின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். இதனை இங்கே சொல்லச் சொன்னவனும் அவனே.