மூளைநீர்க் குழாயும் பூசணக் கிருமியும்

தலையில் குழாய் வைத்த ஒருவர் உங்கள் லயத்திலோ, தோட்டத்தை விட்டுப் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிக்குக் குடிபோன உறவினர் வீட்டிலோ இருக்கலாம். இந்தப் பேச்சு அவர்களுக்காக.

நம் மூளைக்குள் நாள்தோறும் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் சுரந்து, இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வடியும் வழி அடைபட்டால் தலைக்குள் நீர் கட்டும். அதைத் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். அதுதான் ஷண்ட். அதற்கு நல்லதொரு வால்வை 1950களில் செய்த ஜான் ஹால்டர் மருத்துவர் அல்லர். அமெரிக்காவில் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தம் மகனுக்காகச் செய்தார்.

இந்தக் குழாயில் கிருமி ஒட்டிக்கொள்வதுண்டு. பாக்டீரியா என்றால் பெரும்பாலும் காய்ச்சல் காட்டிக்கொடுத்துவிடும். பூசணக் கிருமியோ பதுங்கி வேலை செய்யும். வாரக்கணக்கில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், ஞாபக மறதி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இல்லாமலே போகலாம். குழாய் அடைப்பு என்று நினைத்துப் புதுக் குழாய் வைத்தால் அதிலும் கிருமி ஏறும். மூளைநீரைச் சோதித்தாலும் காசநோய் போலவே தோன்றக்கூடும்.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? மூளைநீரில் இந்திய மையைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், கிரிப்டோகாக்கஸ் என்ற பூசணம் கருமைக்கு நடுவே வெள்ளை வளையத்தோடு தெரியும். (பெயர்தான் இந்திய மை, முதலில் செய்தவர்கள் சீனர்கள்.) மையில் தெரியாவிட்டாலும், ஆன்டிஜென் சோதனை பெரும்பாலும் பிடித்துவிடும். புறா எச்சத்தில் வளர்வது இந்தக் கிருமி. கேன்டிடா வேறு வகை. நம் உடம்பிலேயே குடியிருப்பது. குறைமாதக் குழந்தைகளையும், நெடுநாள் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களையும் அது தாக்கும். கிரிப்டோகாக்கஸ் சோதனையில் அது சிக்காது. நீரை வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை வளரவில்லை என்பதால் இல்லை என்றாகிவிடாது. ஒரே ஒரு புட்டியில் வளர்ந்தாலும் தோலிலிருந்து வந்த அழுக்கு என்று ஒதுக்கக்கூடாது. இடுப்பில் எடுத்த நீர் சுத்தமாயிருக்க, குழாயின் குமிழில் எடுத்த நீரில் கிருமி இருப்பதும் உண்டு.

ஆகவே குழாய் வைத்த ஆண்டு, மாற்றிய தேதி, தின்ற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். "டாக்டர், பூசணத்துக்கும் பார்த்தீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து டவுன்டவுன் தடத்தில் நியூட்டன் வந்து, ரயில் மாறி நொவீனாவில் இறங்கினால், 1999இல் தொடங்கிய தேசிய நரம்பியல் கழகம் பக்கம்தான். குறித்த நாளில் காட்டிவரப் போகிறவர்களுக்கு இந்த வழி. எழுப்பினாலும் விழிக்காதவரை ரயிலேற்ற வேண்டாம். சிங்கப்பூரில் 995, ஜொகூர் பக்கம் 999 அழையுங்கள்.