நீ ஏறு, நான் பாத்துக்கிறேன்

பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே!

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்களில் முப்பது ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். ஹெல்ப்பராக உள்ளே போய் மேலாளராக வெளியே வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்கு வேறு வேலை. ஏரிக்கரை மைதானத்தில் கால்பந்து; தடுப்பு வரிசையில் ஸ்டாப்பர் பேக் ஆடுவேன். இந்த இரண்டு இடங்களிலும் நான் கற்றது ஒரே பாடம். அதை உங்களுக்குச் சொல்ல, என்னைவிடப் பல மடங்கு பெரிய ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

அவர் பெயர் அனஸ் எடத்தொடிகா. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம், கொண்டோட்டி. 1987இல் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். இளம் வயதில் ஆட்டோ ஓட்டியிருக்கிறார். 2007இல் மும்பை எஃப்.சி. என்ற புதுக் கிளப்பில் சேர்ந்தார். அந்தக் கிளப் அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்தது. அங்கிருந்து ஐ-லீக்குக்கு ஏறியது. 2011இல் புனே எஃப்.சி.க்குப் போனார். 2015இல் டெல்லி டைனமோஸ். அங்கே அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர் பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ். பிறகு மோகன் பகான், ஜாம்ஷெட்பூர், கேரளா பிளாஸ்டர்ஸ், ஏ.டி.கே. பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழு சட்டைகள்.

இந்தியச் சட்டையை அவர் முதன்முதலில் அணிந்தபோது அவருக்கு வயது முப்பது. 2017 மார்ச்சில், கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்தில். முப்பது வயதில் பல ஆட்டக்காரர்கள் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். இவருக்கு அன்றுதான் கதவு திறந்தது. அதே ஆண்டு ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக்கின் வீரர்கள் தேர்வில் ஜாம்ஷெட்பூர் அணி முதல் ஆளாக அவர் பெயரைச் சொன்னது. தொகை 1 கோடியே 10 லட்சம்.

மாணவர்களே, இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர் ஃபார்வர்டு அல்ல, என்னைப் போல ஒரு பேக். கோல் கணக்கில் அவர் பெயரைத் தேடிப் பிடிக்க முடியாது. நல்ல பேக் ஆடிய ஆட்டத்தில் அவர் செய்தது எதுவும் மறுநாள் பேப்பரில் வராது. வந்திருக்க வேண்டிய கோல் வரவில்லை என்பதை எந்தப் பேப்பர் எழுதும்? சில நேரம் பேக்கும் தலைப்புச் செய்தி ஆவதுண்டு. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பையை எடுத்தபோது, அதில் இரண்டு கோல் அடித்தவர் கௌரவ் போரா என்ற பேக். ஆனால் அப்படி ஒரு நாள் ஒரு பேக்கின் ஆயுளில் ஒருமுறை வந்தாலே அதிகம்.

அப்படியென்றால் கிளப்புகள் எதைப் பார்த்து ஒரு பேக்கைக் கூப்பிடுகின்றன? அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான். கோல்கீப்பருக்குத் தெரியும், தனக்கு முன்னால் நிற்பவன் யார் என்று. பந்தைப் பார்த்துக்கொண்டே முதுகுக்குப் பின்னால் ஓடுகிறவனையும் பார்ப்பவனா, வரிசை மேலே ஏறும்போது சேர்ந்து ஏறுபவனா, வாயைத் திறந்து கூப்பிட்டுச் சொல்பவனா என்று அவருக்குத் தெரியும். சறுக்கி விழுந்து பந்தைத் தட்டிவிட்டால் கூட்டம் கை தட்டும். ஆனால் நல்ல பேக்குக்குத் தெரியும், அப்படிச் சறுக்க வேண்டி வந்தால் இரண்டு நொடிக்கு முன்பே எங்கோ தன் நிற்கும் இடம் பிசகியிருக்கிறது என்று.

மில்லிலும் இதுதான் கதை. பேரிங் ஜாம் ஆகி, லைன் நின்று, இரவெல்லாம் வேலை செய்து ஓடவைத்தவனை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேரிங்கின் சத்தம் மாறியதை மூன்று நாள் முன்பே காதால் கேட்டு, சொல்லி, மாற்றிவைத்தவனை யாருக்கும் தெரியாது. லைன் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவனோடு அதே ஷிஃப்ட்டில் நின்ற ஃபிட்டருக்குத் தெரியும்.

இனி உங்களுக்கு முன்னால் இருக்கும் உலகத்தைப் பற்றிப் பேசுகிறேன். அனஸ் ஆடிய கிளப்புகள் இன்று எங்கே? மும்பை எஃப்.சி. 2017இல் கலைந்தது. புனே எஃப்.சி. அதற்கு முன்பே மூடப்பட்டது. டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. ஆலைகள் நடத்திய அணிகளும் தப்பவில்லை. பஞ்சாபில் பக்வாராவின் ஜே.சி.டி. மில் அணி 1996-97இல் முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்ற அணி. 2011இல் அதுவும் கலைந்தது.

கம்பெனி மூடுவது நமக்குப் புதிதா? 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை நின்றபோது வேலை இழந்த பிள்ளைகளில் உங்கள் அக்கா அண்ணன்மாரும் இருந்திருப்பார்கள். நான் முதலில் சேர்ந்த மில்லும் ஒரு நாள் கேட்டைப் பூட்டியது. இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. பி.எஃப். பணத்துக்காக எத்தனை நாள் அலைந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அதனால் ஒரு தகப்பனைப் போலச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வேலை ஆணை எழுத்தில் வாங்காமல் சேராதீர்கள். சம்பளச் சீட்டை மாதாமாதம் பத்திரப்படுத்துங்கள். காண்டிராக்டர் மூலம் போனாலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எங்கள் காலத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பி.எஃப். கணக்கு. 2014இலிருந்து யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் வந்துவிட்டது. எத்தனை கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது.

அந்த எண்ணைப் போலவே உங்களோடு கூட வரும் இன்னொன்று இருக்கிறது. அன்று மில் மூடியபோது எனக்கு அடுத்த வேலை கிடைத்தது எப்படித் தெரியுமா? என்னோடு ஷிஃப்ட் பார்த்த ஃபிட்டர் ஒருவர் எனக்கு முன்பே வேறு மில்லில் சேர்ந்திருந்தார். அங்கே ஃபோர்மேனிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தை: “இவன் இருந்தா நிம்மதியாத் தூங்கலாம் சார்.” என் சான்றிதழை அந்த ஃபோர்மேன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அனஸுக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பை. பஹ்ரைனுக்கு எதிரான ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே காயம்பட்டு வெளியே வந்தார். பின்னர் ஒரு முழு சீசன் எந்தக் கிளப்பிலும் இல்லாமல் இருந்தார். முப்பத்து நான்கு வயதில், காயம் பார்த்த ஒரு பேக்கை யார் எடுப்பார்கள்? 2021இல் ஜாம்ஷெட்பூர் எடுத்தது. நான்கு ஆண்டுக்கு முன் அவரை வைத்து ஆடிப் பார்த்த அதே உருக்கு நகரத்து அணி. அந்த சீசனில் லீக் கேடயத்தை அவர்கள்தான் வென்றார்கள்.

நாளை உங்களில் சிலர் தேர்வாய் கண்டிகைக்குப் போவீர்கள், சிலர் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கு, சிலர் விடியற்காலை லோக்கல் ரயிலில் சென்னைக்கு. கம்பெனி மாறும், யூனிஃபார்ம் நிறம் மாறும். மாறுவதில் வெட்கம் வேண்டாம். போகிற இடத்திலெல்லாம் பக்கத்தில் நிற்பவர் உங்களை நம்பி வேலை செய்யும்படி நடந்துகொள்ளுங்கள். அதைவிடப் பெரிய சொத்தை என் முப்பது ஆண்டில் நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. மைதானத்தில் எங்கள் விங் பேக் பந்தோடு மேலே ஏறத் தயங்கி ஒரு நொடி திரும்பிப் பார்ப்பான். அப்போது ஸ்டாப்பர் பேக் கத்துவான்: “நீ ஏறு, நான் பாத்துக்கிறேன்.” அவன் விட்டுப்போகும் இடத்தையும் சேர்த்து இவன் காப்பான். அந்தச் சொல்லை நம்பித்தான் அவன் ஏறுவான்.

பிள்ளைகளே, அந்தப் பின்வரிசையில் இருப்பவர்களைப் பாருங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருக்கும் அப்பா இருக்கிறார். நூறு நாள் வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டிய அம்மா இருக்கிறார். இத்தனை ஆண்டுகளாக அவர்கள் உங்களிடம் சொல்லிவந்தது அந்த ஒரே சொல்லைத்தான். இன்று பட்டத்தை வாங்கிக்கொண்டு முதலில் அவர்களிடம் போங்கள். “இனி நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லுங்கள்.